கருமணியின் வயிற்றுப் பக்கம்

“புதையல் படம்னா புதையல் இருக்குற எடத்துல குறி போட்டிருக்கணும் சார். இதுல இல்லாத எடத்துலயெல்லாம் போட்டிருக்கு!” என்றாள் ஜமீலா.

பாறைமேல் விரித்திருந்த பழைய தாளை மூவரும் குனிந்து பார்த்தார்கள். தாள் முழுக்கச் சிவப்பு மையில் பெருக்கல் குறிகள். கூந்தல்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே கிடக்கும் சோலைக்காட்டில், ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்கெங்கே பூச்சிமருந்து அடித்தார்கள் என்று காட்டும் படம் அது. ஒரு குறி என்றால் அந்த இடத்தில் ஒரு மரம், ஒரு பொந்து, ஒரு மட்டைகூட விடாமல் அடித்தாயிற்று என்று அர்த்தம். வடக்கு ஓரத்தில், செங்குத்துப் பாறையை ஒட்டி நாக்கு மாதிரி நீண்ட ஒரு துண்டில் மட்டும் குறி இல்லை.

“இது எப்படிண்ணே விட்டுப்போச்சு?” என்று கேட்டான் குணாளன்.

“குழாய் எட்டல சார்,” என்றார் செல்லப்பாண்டி. “எரநூறு அடிக் குழாய். அதுக்கப்புறம் ஓடைப்பள்ளம். எஸ்டேட் தொரை படத்தப் பாக்க வந்தாரு. அந்த எடத்துல பெருவெரல வச்சுக்கிட்டு, முடிஞ்சிருச்சுங்க தொரைன்னுட்டேன்.”

“அந்தப் பெருவிரலுக்கு ஒரு தங்க மோதிரமே போடலாம்ணே!” என்று குதித்தாள் ஜமீலா.

மூவரையும் இங்கேயே சொல்லிவிடலாம். குணாளன் கீழே ஊரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளன். வயது முப்பத்திரண்டு. தொப்பி, நாலு பை வைத்த சட்டை, புதுக் காலணி. நின்றால் பெரிய ஆய்வுப் பயணி மாதிரி இருப்பான். நடந்தால் வேஷம் கலைந்துவிடும். ஜமீலா அதே கல்லூரியில் ஆய்வக உதவியாளர், உத்தமபாளையத்துப் பெண். அவளுடைய கேமராவுக்கும் நாக்குக்கும் ஒரே கூர்மை. செல்லப்பாண்டி இந்த எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர்களின் தலைவர். படத்தில் உள்ள குறிகள் அத்தனையும் அவர் கையால் போட்டவை.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த மருந்தை அடிக்கவைத்தவனே இந்தக் குணாளன்தான்.

நடந்தது இதுதான். ஏழு ஆண்டுகளுக்கு முன் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்குக் கை வீங்கியது. அவள் காட்டிலிருந்து கொண்டுவந்த விறகுக்கட்டில் ஒரு கறுப்புச் சிலந்தி இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் சிலந்தியை அடித்துத் தீப்பெட்டியில் வைத்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வேலையில் சேர்ந்து பதினேழே நாளான குணாளன் அதை ஒரு வெள்ளைத் தாளில், கால்களை அழகாகப் பரப்பி, நேராக நிற்கவைத்தான். சட்டைப் பொத்தான் போல உருண்டு, கறுத்து, பளபளக்கும் முதுகு! “பொத்தான் சிலந்தி! கடித்தால் உயிருக்கே ஆபத்து!” என்று முழங்கினான். பக்கத்தில் ஒரு நிருபர் நின்றிருந்தார். நிருபர் யாரும் இல்லாதபோது அவன் எத்தனையோ முறை சரியாகச் சொல்லியிருக்கிறான்.

பொத்தான் சிலந்திக்கு அடையாளம் முதுகில் இல்லை, வயிற்றில். அங்கே ரத்தச் சிவப்பில் ஒரு குறி இருக்கும். இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் வலையில் தலைகீழாகத் தொங்குகிறவை. வயிறு வானத்தைப் பார்த்திருக்கும். சுள்ளி பொறுக்கப் போகிறவர்கள்கூட முதலில் பார்ப்பது வயிற்றைத்தான். அதை வலையிலிருந்து பிடுங்கி, தாளில் நிமிர்த்தி வைத்து, முதுகை மட்டும் பார்ப்பதற்குப் படித்தவன் வேண்டும்.

மறுநாள் செய்தி வந்தது. அடுத்த வாரம் எஸ்டேட் நிர்வாகம் காட்டில் மருந்து அடித்தது, பதினோரு நாள்.

போன மாதம் ஜமீலா ஆய்வகத்துப் பழைய பாட்டில்களைத் துடைக்கும்போது, சாராயத்தில் மிதந்த அந்தச் சிலந்தி தானாகப் புரண்டது. “சார், இதுக்கு வயித்துல ஒண்ணுமே இல்லையே?” என்றாள். ஏழு வருடம் சாராயத்தில் கிடந்தால் எந்தச் சிவப்பும் வெளுக்கும் என்று ஒரு வாரம் தன்னைத் தேற்றிக்கொண்டான் குணாளன். நுண்ணோக்கி தேற்றவில்லை. சிலந்திகளையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவருக்குப் படங்களை அனுப்பினான். பதில் நாலே வரியில் வந்தது: இது பொத்தான் சிலந்தி இல்லை, அதைப் போலத் தோன்றும் பொய்ப்பொத்தான் வகை. சாது. காட்டைவிட்டு வெளியே வராது. இதுவரை எந்த நூலிலும் பதிவாகாத இனம். உயிருள்ளவை எங்கே கிடைக்கும்?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பயணம். ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தால் போதும். ஒன்றும் இல்லையென்றால், உலகத்தில் வேறெங்கும் பார்த்திராத ஓர் உயிரினத்தை நாலு வரிச் செய்தியால் முடித்துவைத்தவன் என்ற பெருமை குணாளனுக்கே.

“கெளம்புங்க, வெயில் ஏறுறதுக்குள்ள ஓடையத் தாண்டணும்!” என்றார் செல்லப்பாண்டி.

ஏறினார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்கியதும் வெளிச்சம் பச்சையாக மாறியது. அந்தப் பச்சையில், ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு வெள்ளை வளையம்! மருந்தடித்த மரத்துக்குச் சுண்ணாம்பில் போட்ட அடையாளம். ஏழு மழைக்காலம் கழுவியும் முழுக்கப் போகவில்லை. குணாளன் முதலில் எண்ணிக்கொண்டே வந்தான். இருநூறுக்குப் பிறகு எண்ண முடியவில்லை.

“சார், கால்!” என்று கத்தினாள் ஜமீலா.

குனிந்து பார்த்தான். புதுக் காலணியின் நாடாத் துளை வழியாக ஆறு அட்டைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ‘ஐயோ’ என்று அவன் துள்ளிய துள்ளலில் காலணி கழன்று ஓடையின் மறுகரைக்குப் பறந்தது.

“சத்தம் போடாதீங்க!” செல்லப்பாண்டி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். ஓடையின் மறுகரையில் கரும்பாறை ஒன்று மெல்லத் தலை தூக்கியது. காட்டெருமை! கொம்புகளுக்கு நடுவே ஒரு தும்பை வெள்ளை. அது குணாளனை ஒரு முறை பார்த்தது, பறந்து வந்த காலணியை முகர்ந்தது, அருவருத்தது போலத் தும்மியது, மூங்கிலை முறித்துக்கொண்டு போய்விட்டது.

“பயப்படாதீங்க சார்,” என்று கிசுகிசுத்தாள் ஜமீலா. “அது முதுகப் பாத்து முடிவு பண்ற சாதி இல்ல.”

குணாளன் ஒற்றைக் காலணியோடு எழுந்தான். வழுக்குப் பாறைகளில் கைகோத்து ஓடையைக் கடந்து காலணியை மீட்டார்கள். அக்கரையில் ஏதோ ஒரு பூவின் மணம் காற்றையே கெட்டியாக்கியிருந்தது.

“ஆகா! என்ன பூண்ணே இது?” என்றாள் ஜமீலா.

“எனக்குத் தெரியாது தாயி. அந்தப் பதினோரு நாளுக்கப்புறம் மூக்கு செத்துப்போச்சு. மழை வாசம் தெரியாது, கருவாட்டு வாசம் தெரியாது. எம்பொண்டாட்டி வைக்கிற கொழம்பு வாசமும் தெரியாது. அதுல மட்டும் நஷ்டமில்லன்னு வையி.” சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. “அது கெடக்கட்டும். சின்னப் புள்ளையில கருமணிய வச்சுத்தான் வெளையாடுவோம். நாங்க அந்தச் செலந்திக்கு வச்ச பேரு கருமணி. வெட்டிப் போட்ட மரத்துக்கு அடியில வல கட்டியிருக்கும். எறும்பு ஒண்ண ஓட்டிவிட்டுட்டு உக்காந்து பாப்போம். ஒருத்தரையும் கடிச்சதில்ல. ஆனா பேப்பர்ல போட்டுட்டாங்களே! படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, தெரிஞ்சே அடிச்சேன். எழுதுனவன் மட்டும் ஒரு நாள் என் கையில கெடச்சான்னா…”

ஜமீலா இருமினாள். குணாளன் காலணி நாடாவை மறுபடி கட்டினான். அது ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

ஒன்பது மணிக்குக் குறியில்லாத அந்த நாக்கில் கால் வைத்தார்கள். வளையமில்லாத மரங்கள்! மூவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். விழுந்த மரங்களின் அடி, பட்டைக்கு உள்பக்கம், வேர் இடுக்கு. கண்ணுக்குத் தெரியாத வலையைத் தெரியவைக்கக் குணாளன் முகப்பவுடரை ஊதினான். பவுடர் படிந்த இடங்களில் வலைகள் தெரிந்தன. எல்லாம் கிழிந்தவை, மண்ணேறியவை, ஆளில்லாத வீடுகள். ஒரு வலையடியில் காய்ந்த எறும்புத் தலைகள் ஒரு கைப்பிடி கிடந்தன. குடியிருந்தவள் போய் எத்தனை வருடமோ.

மணி பதினொன்று. குணாளன் ஒரு கட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

“அடிச்ச மருந்து மழையில வழிஞ்சு இங்கயும் வந்திருக்கும். இல்லேன்னா காத்துல வந்திருக்கும். முடிஞ்சுபோச்சு. எல்லாம்…”

“சார், அசையாதீங்க,” என்றாள் ஜமீலா.

“அட்டையா? குடிக்கட்டும். எனக்கு வேணும்.”

“தொப்பி சார். உங்க தொப்பி!”

தொப்பியின் விளிம்பில் நெல்மணி அளவில் ஒரு கறுப்பு உருவம் நடந்துகொண்டிருந்தது. குணாளன் மூச்சை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரனின் கையுறை போல இரண்டு குமிழ்கள்.

“ஆண்!” என்று கிசுகிசுத்தான். “இந்தக் குமிழ் ஆணுக்குத்தான் இருக்கும். வளந்த ஆண் வல கட்டாது. சாப்பாட்டையும் பெருசா நெனைக்காது. பொண்ணு நூலோட வாசத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கும். கண்டுபுடிக்கும், இல்ல நடந்தே சாகும்.”

“அப்ப இவனுக்கு வாசம் தெரியுதுன்னா…” செல்லப்பாண்டி மெல்ல நிமிர்ந்தார். “எங்கயோ ஒருத்தி இருக்கா!”

“இருக்கலாம். இல்லேன்னா, இல்லாதவளத் தேடுற கடைசி ஆளா இவன் இருக்கலாம்.”

“பின்னால போவோம் சார்!” என்றாள் ஜமீலா.

போனார்கள். உலகச் சாகசப் பயணங்களிலேயே மிக மெதுவானது அதுதான். நெல்மணி அளவு வழிகாட்டி; அவனுக்குப் பின்னால் வயிற்றால் ஊர்ந்தபடி மூன்று பெரிய மனிதர்கள். பாசியில் ஏறுவான், நிற்பான், முன்காலைத் தூக்கிக் காற்றைத் தடவிப் பார்ப்பான், வந்த வழியே பாதி தூரம் திரும்புவான். “ஐயோ, இப்பத்தானே இங்க இருந்து போனோம்!” என்று புலம்புவாள் ஜமீலா. ஓர் இலைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஓய்வு எடுத்தான். மூவரும் புளியோதரையைப் படுத்துக்கொண்டே தின்றார்கள். ஒரு சோற்றுப் பருக்கைக்கு வந்த எறும்புப் படை அவனை நெருங்கியபோது, செல்லப்பாண்டி தன் உள்ளங்கையை அணையாக வைத்துத் தடுத்தார். எறும்புகள் அவர் கையைக் கடித்துத் தீர்த்தன. அவர் கையை எடுக்கவில்லை.

நான்கு மணி நேரத்தில் முப்பதடி கடந்திருந்தார்கள். அதற்குமேல் தரை இல்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பு!

ஆண் சிலந்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விளிம்பில் நூலை ஒட்டினான், இறங்கினான், மறைந்தான்.

“போச்சு!” என்றார் செல்லப்பாண்டி.

“போகல. இறக்குங்க என்னை,” என்றான் குணாளன். அது அவன் குரலா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

கூடவே கொண்டுவந்திருந்த கயிற்றை அவன் இடுப்பிலும் தொடையிலும் கட்டி, ஒரு நாவல் மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, முனையைச் செல்லப்பாண்டி பிடித்துக்கொண்டார். ஜமீலா விளிம்பில் படுத்து வழி சொன்னாள். கீழே இருநூறடி வெறும் காற்று. குணாளன் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான். கண்ணை மூடிக்கொண்டு தேட முடியாது என்பது ஆறடி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

திறந்தான். மூக்குக்கு நேரே பாறையில் ஒரு பிளவு. பிளவில் ஒரு செத்த வேர். வேருக்குக் கீழே, குழம்பிய நூல் மேகம். அதிலிருந்து பாறைக்கு விறைப்பாக இறங்கிய பத்துப் பதினைந்து ஒற்றை நூல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பசைத்துளி. ஓர் எறும்பு வந்து ஒரு நூலில் கால் வைத்தது. டப்! நூலின் அடி அறுந்தது. பசையில் மாட்டிய எறும்பு, கிணற்று வாளி போல மேலே தூக்கப்பட்டது. வேரின் நிழலிலிருந்து ஒருத்தி தலைகீழாக ஓடி வந்தாள்.

கறுத்து, உருண்டு, பளபளவென்று. வயிறு முழுக்க அவனுக்குக் காட்டியபடி தொங்கினாள். அங்கே சிவப்பு இல்லை. மங்கிய பழுப்பைத் தவிர எதுவுமே இல்லை. அவளுக்குப் பின்னால் பஞ்சுருண்டை போல ஒரு முட்டைப்பை. வலையின் ஓரத்தில், இத்தனை தூரம் நடந்து வந்தவன், ஒரு நூலை மெல்ல மீட்டிக் கதவு தட்டிக்கொண்டிருந்தான்.

“இருக்கா! உசுரோட இருக்கா! முட்டையோட இருக்கா!” என்று குணாளன் கத்தினான்.

மேலே ஜமீலா கூவினாள். கயிற்றின் வழியே செல்லப்பாண்டியின் உடம்பு குலுங்குவது குணாளனுக்குத் தெரிந்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா?

“சிவப்பு இருக்கா சார்?” என்ற அவர் குரல் இறங்கி வந்தது.

“இல்லண்ணே. சாது. நீங்க சின்ன வயசுல பாத்ததுதான் சரி.”

“அந்தப் பாவி எழுதுனத நம்பி எங்கையால எத்தன ஆயிரத்த… அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா…”

இடுப்புக் கயிறு, இருநூறடி காற்று, மறுமுனையில் அவர். வாயை மூடிக்கொண்டிருக்க இதைவிட நல்ல இடம் வேறில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் அந்த வயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு பென்சில் முனையால் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

“நான்தாண்ணே,” என்றான்.

“என்னது?”

“பேப்பர்ல சொன்னது நான்தான். புரட்டிப் பாக்காம சொன்னேன்.”

கயிறு சட்டென்று அரையடி இளகியது. “அண்ணே!” என்று அலறினாள் ஜமீலா. கயிறு இறுகியது. பிறகு, பிடி பிடியாக, மேலே இழுபட்டான்.

விளிம்பில் வந்து விழுந்தவனைச் செல்லப்பாண்டி பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார். தன் இடுப்பில் கட்டினார். முனையைக் குணாளனின் கையில் திணித்தார்.

“புடிங்க.”

“அண்ணே, எனக்கு இது…”

“நான் பாக்கணும். புடிங்க!”

குணாளன் வாழ்க்கையில் எதையும் அப்படிப் பிடித்ததில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஜமீலாவும் அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பற்றிக்கொண்டாள். கயிறு வெகுநேரம் விறைத்தே நின்றது. பிறகு செல்லப்பாண்டி யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. என்ன பேசினார் என்பதை இருவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

மேலே வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். “சிவப்பு இல்ல.”

குணாளனின் சட்டைப் பையில் சாராயப் பாட்டில் இருந்தது. ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கவேண்டுமானால் வளர்ந்த பெண் ஒன்றைச் சாராயத்தில் போட்டு, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். அதுதான் அவர்கள் துறையின் வழக்கம். ஜமீலா பாட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“அவளுக்குப் பேரு இல்லாமலே இருக்கட்டும்,” என்றான். “நாம பேரு வச்ச லட்சணத்தத்தான் பாத்தோமே.” கேமராவைத் தானாகப் படமெடுக்கும்படி வைத்துக் கயிற்றில் இறக்கி வயிற்றுப் பக்கம் ஆறு படம் எடுத்தாள் ஜமீலா. திரும்பும் வழியில் செல்லப்பாண்டி குணாளனிடம் பேசவில்லை. ஓடையில் மட்டும் கையை நீட்டினார். நீட்டியவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடியிருந்தவர்கள் எதிரில், குணாளன் எல்லாவற்றையும் சொன்னான். ஜமீலா படங்களைக் காட்டினாள். கருமணியைப் பார்த்ததும் வயதானவர்கள் முண்டியடித்தார்கள். “அட, இதுவா! இன்னும் இருக்கா!” என்று கைதட்டினார்கள். துரையே இறங்கி வந்து, இனிக் காட்டுக்குள் மருந்து கிடையாது என்றார். யாரோ மூவருக்கும் தேநீர் கொண்டுவந்தார்கள். வெற்றி என்றால் வெற்றிதான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் கை வீங்கிய தங்கமயில் கூட்டத்தின் நடுவிலிருந்து கேட்டார்: “ஏஞ்சார், அப்ப என் கையி எதுல வீங்குச்சு?”

“கம்பளிப்பூச்சி முடியா இருக்கலாம்மா.”

“அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்! வெறகு மேல கம்பளிப்பூச்சி கெடந்துச்சு, கெடந்துச்சுன்னு. பேப்பர்க்காரர் வந்தாரு, டாக்டர் வந்தாரு, தொரை வந்தாரு. ஒருத்தர் எங்கிட்ட கேட்டாகளா?”

களம் முழுக்கச் சிரித்தது. குணாளனும் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒத்துழைக்கவில்லை. கடித்தவன் பெயரைக் கடிபட்டவளிடமே கேட்டிருக்கலாம். அதற்கு விலங்கியல் பட்டம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

கூட்டம் கலைந்து கொழுந்துக் கூடைகள் மேட்டில் ஏறத் தொடங்கின. களத்து ஓரத்தில் அமர்ந்து குணாளன் பத்திரிகைக்கு மறுப்பு எழுதினான். அவன்முன் ஒரு நிழல் விழுந்தது. செல்லப்பாண்டி.

“என்ன எழுதுறீங்க?”

“தப்புன்னுதாண்ணே.”

“படிங்க.”

குணாளன் படித்தான். “கூந்தல்மேட்டுக் காட்டில் ஏழு ஆண்டுகளுக்கு முன் காணப்பட்டது விஷச் சிலந்தி அல்ல என்பது இப்போது தெரியவந்துள்ளது. தவறான தகவலின் காரணமாக அங்கே மருந்து அடிக்க நேர்ந்தது வருத்தத்துக்குரியது…”

“யாரு தப்பாச் சொன்னான்னு இல்லையே?”

குணாளன் தன் பெயரை எழுதினான்.

“யாரு அடிச்சான்னும் இல்லையே?”

“உங்க பேரு எதுக்குண்ணே? நீங்க மத்தவங்க சொன்னதச் செஞ்சீங்க.”

“எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு சார். உங்களுக்குத் தெரியாது, நீங்க சொன்னீங்க. எனக்குத் தெரியும், நான் அடிச்சேன்.” அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “போடுங்க. செல்லப்பாண்டி. அப்பா பேரு ஒச்சப்பன். மூணாம் நம்பர் லயத்து வீடு.”

குணாளன் எழுதினான். இரண்டு பெயர்களும் ஒரே வரியில் வந்தன. செல்லப்பாண்டி அந்த வரியின்மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாக, முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.